கண்ணியத்தை அளக்கும் கோல் அரசின் கையில் வேண்டாம்: தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சகச் செயலர் அவர்களுக்கும், கோப்புகளில் குறிப்பெழுதும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஒலிபரப்புச் சேவைகள் (ஒழுங்குமுறை) மசோதாவின் வரைவை 2023 நவம்பரில் வெளியிட்டீர்கள். அடுத்த ஆண்டு அதன் திருத்திய வடிவம், ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனி அடையாளக் குறியோடு, தேர்ந்தெடுத்த சிலர் கைக்கு மட்டும் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, எல்லோரிடமும் கருத்துக் கேட்டுப் புதிய வரைவு கொண்டுவருவோம் என்றீர்கள். அந்தப் புதிய வரைவு எழுதப்படும் மேசைக்கு இந்த மடல் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. சட்டமாகி வந்துவிட்டால் நீதிமன்றப் படியேறித்தான் பேச வேண்டியிருக்கும். இப்போதென்றால் நேராகவே பேசலாம்.

நான் தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் எடிட்டிங் அறையில் பல வருடம் வேலை பார்த்தவள். வசவுச் சொல்லுக்கு பீப் போடுவது, முந்தானை விலகிய இடத்தில் பிளர் போடுவது, சிகரெட் தெரிந்தால் எச்சரிக்கை வாசகத்தைப் பொருத்துவது எல்லாம் என் வேலையில் அடக்கம். டெல்லியில் எழுதப்பட்ட ஒரு விதி, நள்ளிரவில் ஒரு எடிட்டர் எந்தச் சொல்லை வெட்டுகிறாள் என்பது வரைக்கும் எப்படி இறங்கி வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் காட்டட்டும் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக் கூடத்தில் குழந்தையும் பாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற பெட்டிக்குச் சில வரைமுறை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. எது கண்ணியம், எது மீறல் என்று முடிவுசெய்யும் அதிகாரம் ஆட்சியில் இருப்பவர் கையில் இருக்கக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை. எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும் சரி.

முதலில் இப்போதுள்ள விதியைப் பார்ப்போம். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் நிகழ்ச்சி நெறிமுறையை மீறிய எதையும் ஒளிபரப்பக் கூடாது என்கிறது. அந்த நெறிமுறை இருப்பது, அதற்கு முந்தைய அவசரச் சட்டத்தின் காலத்திலேயே எழுதப்பட்ட 1994ஆம் ஆண்டு விதிகளில், 6ஆவது விதியாக. அதை நிதானமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நல்ல ரசனைக்கோ கண்ணியத்துக்கோ புறம்பானது கூடாது என்று தொடங்குகிறது. அடுத்த வரியே நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது என்கிறது. ஆபாசமும் அவதூறும் அரைகுறை உண்மையும் ஒரே வரியில் தோளோடு தோள் நிற்கின்றன. குடியரசுத் தலைவரின் நேர்மை மீது களங்கம் கற்பிக்கக் கூடாது. தனிமனிதர் யாரையும், நாட்டின் சமூக, பொது வாழ்வின் எந்தப் பகுதியினரையும் விமர்சிக்கவோ இழித்துரைக்கவோ கூடாது. மூடநம்பிக்கையை வளர்க்கக் கூடாது. பெண்களை, குழந்தைகளை இழிவுபடுத்தக் கூடாது.

இவற்றில் சில வரிகளுக்கு நானே முதல் ஆளாகக் கைதூக்குவேன். ஆனால் பொது வாழ்வில் இருப்பவர்களை விமர்சிக்கவே கூடாதென்றால் செய்தித் தொலைக்காட்சிக்கு என்ன வேலை மிஞ்சும்? ஆடை விலகியதற்கும், அரசை விமர்சித்ததற்கும், அண்டை நாட்டைக் குறைசொன்னதற்கும் ஒரே விதி, ஒரே நோட்டீஸ், ஒரே மேசை. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

அரசமைப்புச் சட்டம் இவ்வளவு தாராளமாகக் கட்டுப்பாடு போட உங்களுக்கு இடம் தரவில்லை. பேச்சுரிமையைத் தருவது 19(1)(அ). அதற்கு எந்தெந்தக் காரணத்தால் வேலி போடலாம் என்று 19(2) எண்ணிச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். மொத்தம் எட்டு. அந்த வேலியும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்பதை 1951இன் முதல் திருத்தமே சேர்த்துவிட்டது. நல்ல ரசனை இந்த எட்டில் இல்லை. அரைகுறை உண்மை இல்லை. குடியரசுத் தலைவரின் பெயருக்குத் தனிக் காப்பு இல்லை. 19(2)இல் சொல்லாத காரணத்தைப் பொது நலன் என்று சொல்லிக்கூட உள்ளே நுழைக்க முடியாது என்று 1961இலேயே உச்ச நீதிமன்றம் சகால் நாளிதழ் வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, 1994இல் ஒரு விதியில் நுழைந்த ‘நல்ல ரசனை’ இன்றுவரை முதல் வரியிலேயே நிற்கிறது. யாருடைய ரசனை, எந்த ஊரின் ரசனை, எந்தச் சாதியின் ரசனை என்று அந்த வரிக்குத் தெரியாது. தீர்மானிப்பது கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி.

அந்த ரசனை எப்படிச் செயல்பட்டது என்பதற்குப் பதிவு இருக்கிறது. 2007இல் ஏஎக்ஸ்என், ஃபேஷன் சேனலான எஃப்டிவி இரண்டு சேனல்களுக்கும் கண்ணியக் குறைவு என்று தடை. எஃப்டிவிக்கு 2010இல் மறுபடியும் 9 நாள் தடை. யாருக்குப் பெரிய நஷ்டம் என்று பலரும் தோளைக் குலுக்கினார்கள். நானும் அந்தச் சேனல்களைப் பார்ப்பவள் அல்ல. ஆனால் ஒரு நிகழ்ச்சிக்காக ஒரு சேனலையே முழுதாக இருட்டாக்கலாம் என்ற பழக்கம் அந்த வழியாகத்தான் ஊறியது. 2015இல் இந்தியாவின் வரைபடத்தைத் தவறாகக் காட்டியதற்காக அல் ஜசீரா 5 நாள் இருண்டது. 2016இல் பதான்கோட் விமானப்படைத் தளத்தின் மீதான தாக்குதல் குறித்த ஒளிபரப்புக்காக என்டிடிவி இந்தியா ஒரு நாள் திரையை மூட வேண்டும் என்று உத்தரவிட்டீர்கள். நாடு முழுக்கக் கண்டனம் எழுந்ததும் நிறுத்திவைத்தீர்கள். 2020 மார்ச்சில் டெல்லிக் கலவரச் செய்திகளுக்காக ஏசியாநெட் நியூஸ், மீடியா ஒன் என்ற இரண்டு மலையாளச் சேனல்களுக்கு 48 மணி நேரத் தடை. மீடியா ஒன்னுக்குப் போன உத்தரவில், டெல்லிக் காவல் துறையையும் ஆர்எஸ்எஸ் அமைப்பையும் விமர்சிக்கிறது என்பதே ஒரு குறையாக எழுதப்பட்டிருந்தது. மறுநாளே தடை விலகியது. விலகிவிட்டதே, பிறகென்ன என்று கேட்காதீர்கள். அந்த வாரம் நாட்டின் எல்லாச் செய்தியறைகளிலும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை கலவரத்துக்கு நிருபரை அனுப்பும்போது ஆசிரியர் என்ன சொல்லி அனுப்புவார் என்றும் தெரியும்.

நள்ளிரவு ஃபேஷன் நிகழ்ச்சியில் தொடங்கிய அதிகாரம் கலவரச் செய்தி வரை வந்து சேர எடுத்த காலம் 13 வருடம். இடையில் ஆட்சிகள் மாறின, விதி மாறவில்லை. 2007இல் கண்ணியத்தின் பெயரால் நீட்டப்பட்ட கைதான் 2020இல் செய்தியின் கழுத்துக்கு வந்தது.

மீடியா ஒன் கதை அதோடு முடியவும் இல்லை. 2022 ஜனவரியில் பாதுகாப்பு அனுமதி இல்லை என்று அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தீர்கள். காரணத்தைச் சேனலுக்குச் சொல்லவில்லை. மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தீர்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தபோது, அரசின் கொள்கையை விமர்சிப்பதை அரசுக்கு விரோதம் என்று பெயரிட முடியாது, தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைக் காற்றிலிருந்து எடுத்து வீச முடியாது என்று தெளிவாகச் சொன்னது. உங்கள் அமைச்சகத்தின் சுவரில் சட்டகம் போட்டு மாட்டி வைக்க வேண்டிய தீர்ப்பு அது.

இனி எடிட்டிங் அறைக்கு வருகிறேன். ஒரு சேனலின் குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சி. சேனலின் பெயர் இங்கே வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லாருமே ஏறக்குறைய இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பதினைந்து வயதுக்கு மேல் இராது, ஒரு பெண். உறவுக்காரர் ஒருவர் தனக்குச் செய்த கொடுமையைத் தொகுப்பாளர் துருவித் துருவிக் கேட்க, விளக்குகளுக்குக் கீழே உட்கார்ந்து சொன்னாள். அவள் முகத்துக்கு பிளர் போட்டாயிற்று. பக்கத்து நாற்காலியில் அவள் தாயின் முகம் பளிச்சென்று தெரிந்தது. ஊர்ப் பெயர் கீழே எழுத்தில் ஓடியது. அம்மா முகமும் ஊரும் தெரிந்தால் இந்த பிளருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். புரமோ ஏற்கெனவே போயாச்சு என்று பதில் வந்தது. அதே எபிசோடில் அத்தைக்காரி ஆத்திரத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாள். அந்த வார்த்தைக்கு பீப் போதுமா, உதட்டசைவையும் மறைக்க வேண்டுமா என்று மூன்று பேர் அரை மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் உதட்டையும் மறைத்தோம். வார்த்தைக்கு அமைச்சகத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிடும் என்ற பயம் அந்த அறையில் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பெண்ணுக்காக நோட்டீஸ் வரும் என்று யாரும் பயப்படவில்லை.

இத்தனைக்கும் அவளைக் காக்க ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. குடும்பமும் ஊரும் பள்ளியும் தெரியக் கூடாது என்பதும் அதில் அடக்கம். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. சட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து அந்த அறையின் கதவைத் தட்ட ஆளில்லை. உங்கள் கண்காணிப்பு எதைத் தேடுகிறது என்று சேனல்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். தோலையும் வசவையும் தேடினால் அவற்றை மறைப்பார்கள், மிச்சமெல்லாம் தாராளமாகப் போகும். மாமியார் மருமகளை அறைவதை மூன்று கோணத்தில், மூன்று முறை, எதிரொலியோடு சாயங்காலம் ஏழு மணிக்கே காட்டலாம். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அதைப் பார்க்கலாம். ஒரு பிளர் கிடையாது. மூடநம்பிக்கை கூடாது என்ற விதி இருக்கும்போதே தினமும் காலையில் ராசிக்கல் விற்கிறார்கள். அந்த வரிக்காக எந்தச் சேனலின் திரையும் இருண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கண்ணியம் பற்றிய உங்கள் கவலை எவ்வளவு தூரம் தடம்புரளும் என்பதற்கு 2017 டிசம்பர் நல்ல உதாரணம். ஆணுறை விளம்பரங்களை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே காட்டலாம் என்று அறிவுரை அனுப்பினீர்கள். 1952லேயே அரசுத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்ட நாடு இது. சிவப்பு முக்கோணத்தைச் சுவரெங்கும் வரைந்து, நிரோத் பற்றித் தூர்தர்ஷனில் குடும்பத்தோடு பார்க்கச் சொன்ன அரசு இது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக அதே அரசின் சுகாதாரத் துறை ஆணுறையைப் பற்றிப் பேசு பேசு என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. ஆட்சேபம் எழுந்தபின், கிளர்ச்சியூட்டும் விளம்பரங்களுக்கு மட்டும்தான் அந்தக் கட்டுப்பாடு என்று சில நாளில் விளக்கம் கொடுத்தீர்கள். எது கிளர்ச்சியூட்டும் என்பதை அளக்கும் ஆள் மறுபடியும் நீங்களேதான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த வாசனை புதிதல்ல. 1876இல் ஆங்கிலேயன் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தான். ஆபாசமும் அரசு விரோதமும் அந்தச் சட்டத்தில் ஒரே கூரையின்கீழ் இருந்தன. சுதந்திரப் போராட்டக் காலத்தில் தேசிய நாடகங்கள் மீது பாய்ந்தது எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. சுதந்திரம் வந்த பிறகு நாமாவது விட்டோமா? எம்.ஆர். ராதாவின் நாடகங்களை அடக்க 1954இல் சென்னை மாநில அரசு புதிதாகத் தனிச் சட்டமே போட்டது. ஆட்சேபத்துக்குரிய நாடகம் எது என்று அது கொடுத்த விளக்கத்தில் ஆபாசம், மத உணர்வைப் புண்படுத்துதல், அரசைக் கவிழ்க்கத் தூண்டுதல் எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. உங்கள் 6ஆவது விதியின் அமைப்பும் இதேதான். நாடகப் பிரதியைக் காவல் துறையிடம் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் அதன் பலத்தில் பல பத்தாண்டுகள் ஓடியது. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குத் தொடுத்தார். 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என்று அடித்துப்போட்டது. கிட்டத்தட்ட 60 வருடம், மேடையேறுவதற்கு முன் காவல் நிலையத்தின் ரசனையில் தேற வேண்டியிருந்த கலைஞர்களின் கணக்கை யார் எடுப்பது? எழுதப்படாமலே போன நாடகங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

நீதிமன்றங்கள் எப்போதும் பேச்சின் பக்கம் நின்றன என்றும் சொல்ல மாட்டேன். 1964இல் ஆபாச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், 1868ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலத் தீர்ப்பை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனதுள்ளவரை அந்தப் படைப்பு கெடுத்துவிடுமா என்பதே அந்த அளவுகோலின் கேள்வி. கூட்டத்தில் மிகப் பலவீனமான மனது யாருடையதோ அவருக்கேற்ப மற்ற எல்லோரும் பார்க்க வேண்டும், படிக்க வேண்டும். அதைக் கைவிட 2014 வரை ஆனது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தன் வருங்கால மனைவியோடு நின்ற படத்தை 1993இல் மறுபதிப்பு செய்ததற்காக இழுத்தடிக்கப்பட்ட வழக்கு அது. நிறவெறிக்கு எதிராக எடுக்கப்பட்ட அந்தப் படத்தை ஆபாசம் அல்ல என்று சொல்ல 20 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்தக் காலத்துச் சமூகத்தின் அளவுகோலில், முழுப் படைப்பாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2024 மார்ச்சில் ஒரு இணையத் தொடர் வழக்கில் இன்னும் ஒரு படி போய், கெட்ட வார்த்தை இருப்பதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்று தீர்ப்பு வந்தது. உதட்டை மறைக்க அரை மணி நேரம் செலவிட்ட எங்களுக்கு அந்தத் தீர்ப்பு அப்போது கையில் இருந்திருக்கலாம்.

அதற்கும் முன்னால், 1989இல், தமிழ்ப் படம் ஒன்றுக்கான வழக்கிலேயே எல்லாவற்றுக்கும் அடிப்படையான வாதத்தை உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம். சென்னை உயர் நீதிமன்றம் அதன் சான்றிதழை ரத்து செய்திருந்தது. அந்தப் படத்தின் கருத்து எனக்கு உடன்பாடில்லாதது. அதனால்தான் இந்த உதாரணத்தை எடுத்துச் சொல்கிறேன். பேச்சுக்கும் அதனால் விளையும் என்று சொல்லப்படும் ஆபத்துக்கும் இடையில், வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிக்கு இருக்கும் அளவு நெருக்கம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். கூட்டம் கலாட்டா செய்யும் என்று மிரட்டினால் படத்தை நிறுத்துவது அரசின் வேலையல்ல, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதே வேலை என்றும் சொன்னது. அமைச்சகக் குறிப்புகளில் இந்த நெருக்கத்தை யாராவது அளந்து பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

குழந்தைகள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தியேட்டருக்கு டிக்கெட் வாங்கிப் போகிறோம். தொலைக்காட்சி கேட்காமலே கூடத்துக்குள் வந்துவிடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இந்த ஒரு காரணத்தை வைத்துத்தான் 1978இல் வானொலி மீதான கண்ணியக் கட்டுப்பாட்டை ஏற்றது. மதிய நேரத்தில் மகனோடு காரில் போன ஒரு தந்தை வானொலியில் வசவுச் சொற்களைக் கேட்டுக் கொடுத்த ஒற்றைப் புகாரில் தொடங்கிய வழக்கு. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் மட்டுமே ஏற்ற தீர்ப்பு. அதன்பின் அங்கே இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கேபிளுக்கு எப்போதுமே கிடையாது. பிரிட்டனில் இரவு 9 மணிக்குப் பிறகு பெரியவர்களுக்கானதைக் காட்டலாம். நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால் பேச்சு சாவதில்லை, இடம் மாறி உட்காருகிறது. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

ஆனால் அங்கேயும் தண்டிக்கும் கை நீண்டபோது என்ன ஆனது என்று பாருங்கள். 2004இல் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி ஒருவரின் உடை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் விலகியதற்கு 5,50,000 டாலர் அபராதம் விதித்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2012இல் இன்னொரு வழக்கில், எது மீறல் என்று முன்கூட்டித் தெளிவாகச் சொல்லாமல் தண்டிக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. அங்கே தண்டிப்பது அமைச்சகம்கூட அல்ல, தனி ஆணையம். அந்த ஆணையம் தணிக்கை செய்யக் கூடாது என்று அதை உருவாக்கிய சட்டமே தடுக்கிறது. இங்கே நோட்டீஸ் அனுப்புவது அமைச்சகம். விசாரிப்பது உள்துறை, சட்டம், வெளியுறவு என்று பல அமைச்சகங்களின் அதிகாரிகள் சேர்ந்த குழு. உத்தரவு போடுவது மறுபடியும் அமைச்சகம். புகார்தாரரும் நீதிபதியும் ஒரே ஆள் என்றால் எந்தக் கிராமப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொள்ளாது.

சேனல்களே தங்களைத் திருத்திக்கொள்ளும் என்ற வாதத்தையும் நான் நம்பவில்லை. செய்திச் சேனல்களின் சங்கம் நடத்தும் அமைப்பால் 2023இல் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய்தான் அபராதம் போட முடிந்தது. அந்தத் தொகை யாரையும் அசைக்காது என்று அந்த ஆண்டு உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது. அபராதம் வந்ததும் சங்கத்தை விட்டே வெளியேறிய சேனலும் உண்டு. பொழுதுபோக்குச் சேனல்களில் புகார் முகவரி திரையின் அடியில் விறுவிறுவென்று ஓடி மறைகிறது. அதைப் பிடித்து எழுதிக்கொண்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அரசும் வேண்டாம், சங்கமும் போதாது என்றால் யார்? விடை உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. 1995 பிப்ரவரியில் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், அலைக்கற்றை மக்கள் சொத்து, அதைக் கையாள அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்று சொன்னது. அந்த வழக்கில் எதிர்வாதம் செய்தது உங்கள் அமைச்சகம்தான். 1997இல் ஒரு மசோதா வந்தது, 2001இல் ஒன்று, 2007இல் இன்னொரு வரைவு. எதுவும் கரை சேரவில்லை. 2023 வரைவில் ஒலிபரப்பு ஆலோசனைக் குழு என்று ஒன்றை வைத்தீர்கள். அதில் ஐந்து பேர் அரசு அதிகாரிகள். மீதி ஐந்து பேரையும் தலைவரையும்கூட நியமிப்பது அரசே. அந்தக் குழு சொல்வதும் பரிந்துரைதான்; இறுதி உத்தரவு உங்களுடையது. கூடவே, ஒவ்வொரு நிறுவனமும் உள்ளடக்க மதிப்பீட்டுக் குழு வைத்துச் சான்றளித்த பிறகே நிகழ்ச்சியை ஒளிபரப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படும் சம்பளக்காரர்கள் உட்காரும் குழு அது. வெட்டலாமா என்று சந்தேகம் வந்தாலே வெட்டிவிடுவார்கள். நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை டெல்லிக்கு மட்டும் சொல்லவில்லை. மாநில அரசுகள் கேபிள் விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டின் அரசு கேபிள் நிறுவனத்துக்கு 2017இல் டிஜிட்டல் உரிமம் கொடுத்தது உங்கள் அமைச்சகம். செட்டாப் பாக்ஸில் சேனலின் வரிசை எண்ணை மாற்றியே ஒரு செய்திச் சேனலைப் பார்வையிலிருந்து ஒதுக்கிவிட முடியும். அதற்கு நோட்டீஸும் தேவையில்லை, 6ஆவது விதியும் தேவையில்லை. ஆட்சியாளரின் கை எந்த வழியாக நுழைந்தாலும் அது கைதான்.

ஆகவே புதிய வரைவில் நான் எதிர்பார்ப்பது இதுதான். ஒலிபரப்பு ஆணையத்தின் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அரசு சிறுபான்மையாக இருக்கட்டும்; எதிர்க்கட்சித் தலைவரும் நீதித்துறையும் அதில் இடம்பெறட்டும். தமிழ் நிகழ்ச்சியைப் பற்றிய புகாரைத் தமிழ் தெரிந்தவர்கள் விசாரிக்கட்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் எது வசவு, எது செல்லம் என்று மொழிபெயர்ப்பில் தெரியாது. கண்ணியம் சம்பந்தப்பட்ட எதற்கும் நேரமும் வயதுக் குறியீடும் மட்டுமே தீர்வாக இருக்கட்டும். செய்தியைக் கண்ணியத்தின் பெயரால் தொடவே கூடாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள். ஒரு சேனலை முழுதாக இருட்டாக்கும் தண்டனையை நீக்குங்கள். அது குற்றம் செய்த தயாரிப்பாளரை விட்டுவிட்டுப் பார்வையாளரைத் தண்டிக்கிறது. திருத்தம், மன்னிப்பு, வருமானத்துக்கு ஏற்ற அபராதம் போதும். ஒவ்வொரு உத்தரவும் காரணத்தோடு பொதுவில் வரட்டும், உறைக்குள் அல்ல. ‘நல்ல ரசனை’, ‘அரைகுறை உண்மை’, பொது வாழ்வில் இருப்போரை ‘விமர்சித்தல்’ ஆகிய சொற்களை 6ஆவது விதியிலிருந்து இன்றே எடுத்துவிடலாம். அதற்கு நாடாளுமன்றம்கூடத் தேவையில்லை, உங்கள் அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும். குழந்தையின் அடையாளத்தைக் காட்டிய நிகழ்ச்சிக்கு எதிராகப் போக்சோ சட்டத்தை எடுங்கள். அதற்கு நானும் சாட்சி சொல்ல வருவேன்.

வரைவு வெளியாகும் நாளில் அதன் தமிழ்ப் பிரதியும் சேர்ந்தே வெளியாகட்டும். யார் என்ன கருத்துச் சொன்னார்கள் என்பதை, டிராய் தன் கலந்தாய்வுகளில் செய்வதுபோல், எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள். குறிப்பிட்ட சிலரிடம் மட்டும் பிரதி கொடுத்துக் கருத்துக் கேட்கும் வேலை மறுபடியும் வேண்டாம். சென்னையிலோ மதுரையிலோ ஒரு நாள் பொதுக் கூட்டம் வையுங்கள்; எடிட்டர்கள், நிருபர்கள், சீரியல் எழுதுபவர்கள், அந்த நிகழ்ச்சிகளில் அழவைக்கப்பட்ட குடும்பங்கள் எல்லோரும் வருவார்கள். தேதியை முன்கூட்டிச் சொல்லுங்கள், நான் வரிக்கு வரி குறிப்பெழுதி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தொலைக்காட்சி எடிட்டர் ஒருத்தி